நாடக வீடுகளின் சிரிப்பை நூலாக்கத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். ஊர்த் திருவிழாக்களில் இரவு முழுக்க நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களின் கலைஞர்கள் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் எழுதிய நகைச்சுவைக் கட்டுரைத் தொகுப்பு அச்சாகி வந்துவிட்டது. அப்பா பபூன் (கோமாளி), அம்மா ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), பெரியப்பா ஆர்மோனியம் என்று அமைந்த வீடுகள் அவை. அவற்றின் வேடிக்கையை எழுத்தில் கொண்டுவர உதவிய எல்லோருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி, கட்டுரைகளில் வருகிற அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும். ஒவ்வொரு கட்டுரையையும் அதில் இடம்பெற்றவர்களுக்கு முழுக்க வாசித்துக் காட்டி, சம்மதம் பெற்ற பிறகே அச்சுக்குக் கொடுத்தோம். 'அம்மா காலை ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புவாள்' என்று ஒரு வரி. வீட்டுக்குள் அது வேடிக்கை. நாடகம் இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடியவிடிய நடக்கும் என்பதை அறியாதவர் படித்தால் அர்த்தமே கெட்டுவிடும். மேடையேறும் பெண்கள் கேட்ட ஏச்சு கொஞ்சமா? நாடக நேரத்தை முந்தின வரியிலேயே சொல்லிவிடுங்கள் என்று திருத்தியவர்கள் அவர்கள்தான். பழக்கவழக்கத்தைக் கிண்டல் செய்யலாம், தொழிலைக் கூடாது என்ற வரம்பும் அவர்கள் வகுத்ததே.

அடுத்து, கட்டுரைகளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட மூத்த பபூன் ஐயா. ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. பல ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் அன்றிரவு மேடையில்தான் ஒன்றுசேர்கிறார்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) 'வள்ளி திருமணம்' எல்லோருக்கும் பாடம் என்பதால் அது சாத்தியமாகிறது. சனங்களின் சிரிப்பை மட்டும் அந்தந்த நேரத்தில் கணிக்க வேண்டும். சிரிப்பு அடங்குமுன் அடுத்த வசனத்தைப் போட்டால் அது யார் காதிலும் விழாது என்றார் ஐயா. ஒரே பத்தியில் நெருக்கியடித்து நின்ற இரண்டு வேடிக்கைகளைப் பிரித்து, நடுவே சாதாரண வரி ஒன்றை வைத்தோம். சிரிப்பு மூட்டும் சொல் வாக்கியத்தின் நடுவில் கிடந்தால் கடைசிக்கு நகர்த்தினோம். கட்டுரைகளுக்கு உயிர் வந்தது இந்த இரண்டு திருத்தத்தால்தான்.

வள்ளி–நாரதர் தர்க்கப் பாடல்களைப் பாடிக்காட்டிப் பிழை நீக்கிய ஆர்மோனியக் கலைஞருக்கும் நன்றி.

பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தந்த தம்பியின் பொறுமைக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். பழைய எழுத்துருவில் ஔகாரக் குறிக்கும் 'ள'வுக்கும் ஒரே விசை. மாற்றும்போது 'கௌரி' அத்தை 'கெளரி' ஆகிவிடுவார். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் அகப்படமாட்டார். ஒட்டுமொத்தமாக மாற்றச் சொன்னால் கெளுத்தி மீன் சிதைந்துபோகும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்தே திருத்தினார்.

பெட்டியடியில் காத்துவைத்த நாடக நோட்டீஸ்களைக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. அவற்றிலிருந்த தொலைபேசி எண்களை மறைத்திருக்கிறோம். அச்சுப் புள்ளிகளால் படங்களில் வலைக்கோடு விழும் என்பதால் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, பிறகு சிறிதாக்கினோம்.

அச்சக அண்ணனுக்குத் தனி நன்றி. ஒரே தாளில் சேர்த்து அச்சடிக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம். எங்களுக்கு வந்தது 163 பக்கம். பதினோராவது ஃபாரம் போட்டால் 13 பக்கம் வெறுமையாகக் கிடக்கும். எந்தக் கட்டுரையிலும் கை வைக்காமல், வலப்பக்கத்தில் மட்டுமே தொடங்கிய கட்டுரைகளை இடப்பக்கத்திலும் தொடங்கவைத்து 160-க்குள் அடக்கினார்.

திருவிழாக் காலம், கலைஞர்கள் பலரும் ஊரில் இருக்கமாட்டீர்கள். உங்கள் பிரதியை எந்த ஊர் நடிகர் சங்கத்தில் கொடுத்துவைக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தொகுப்புக் குழுவினர்