பாப்பி இலையைத் திருப்பிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாப்பிப் பூச்செடியின் இலை மஞ்சளித்தால் உடனே உரம் வைக்கும் வழக்கம் எங்கள் குன்னூர்ப் பகுதியில் இருப்பதால் இதை எழுதுகிறேன். சென்ற பனிக்காலத்தில் என் பாத்தியில் இலைகள் வெளிறிச் சுருண்டு, மொட்டுத் தண்டுகள் கோணிக்கொண்டபோது, நர்சரி ஒன்றில் சத்துக்குறைவு என்றார்கள். இரண்டு வாரம் யூரியா கரைத்து ஊற்றியும் பயனில்லை. பிறகு ஒருநாள் காலையில், பனி உலருமுன் இலையைத் திருப்பிப் பார்த்தேன். மேலே மஞ்சள் திட்டு இருந்த இடத்துக்கு நேர் கீழே, சாம்பல் நிறத்தில் மெல்லிய பஞ்சு படர்ந்திருந்தது. அதுதான் அடிச்சாம்பல் நோய். வட மாநிலங்களில் அரசு உரிமத்துடன் பயிராகும், பாப்பி இனத்தைச் சேர்ந்த கசகசாச் செடியையும் இந்நோய் வாட்டுகிறது.

இந்த நோயைப் பரப்பும் நுண்வித்துகள் மண்ணில் தங்கிவிடுவதால், நோயுற்ற செடிகளை எருக்குழியில் போடாமல் அப்புறப்படுத்தி, அந்தப் பாத்தியில் சில ஆண்டுகள் பாப்பி விதைக்காமல் இருக்க வேண்டும். நெருக்கி விதைப்பதும், மாலையில் இலை நனையத் தண்ணீர் தெளிப்பதும் கூடாது. இலை சுருளக் காரணம் அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி என்றால், அந்தப் பூச்சியே கண்ணுக்குத் தெரியும். பிடுங்கி நட்ட செடி வாடினால், பெரும்பாலும் ஆணிவேர் அறுந்திருக்கும்.

தங்கள் இதழின் தோட்டக்கலைப் பகுதியில் இந்த இலையடிப் பஞ்சின் வண்ணப்படத்தை வெளியிட்டால், பலருடைய பாத்திகள் பிழைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குன்னூர்.