அழத் தெரிந்தால் மனிதராகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மனிதர் உண்டாக்கிய ஒன்றுக்கு உண்மையான அன்பும் அழுகையும் வந்துவிட்டால் அதையும் மனிதர் என்று ஏற்க வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் உணர்ச்சியை வைத்து மனிதரை அளக்கத் தொடங்கினால் அதில் முதலில் அடிபடப் போவது நம்மிலேயே சிலர்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் கீழக்கரைக்காரி. ஏர்வாடி எங்களுக்குப் பக்கத்து ஊர். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைத்திருந்ததால் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். வைத்தியம் பார்த்து அலுத்து, கையில் காசில்லாமல், தர்காவை நம்பி வந்த குடும்பங்கள் விட்டுச் சென்றவர்கள் அங்கே இருந்தார்கள். அந்தக் குடும்பங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "இதுகளுக்கு என்ன தெரியப்போகுது" என்ற பேச்சு அப்போது எங்கள் பக்கத்தில் சாதாரணமாகக் காதில் விழும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, சிரிப்பதில்லை, அடித்தாலும் அழுவதில்லை. அப்படியானால் உள்ளே ஒன்றும் இல்லை என்ற முடிவு. ஒரு மனிதரைச் சங்கிலியில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போக அந்த முடிவு எவ்வளவு உதவியிருக்கும்!

என் சாச்சிக்கு, அதாவது உம்மாவின் தங்கைக்கு, மனச்சிதைவு நோய் இருந்தது. பெருநாளுக்குப் புதுச்சேலை கொடுத்தால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நோயில் முகத்தின் உணர்ச்சி மழுங்கிப்போகும், அதனால் உள்ளே உணர்வே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள் என்று மருத்துவர் எங்களுக்குப் பொறுமையாகச் சொன்னார். பார்க்கின்சன் நோய் வந்தவர்களுக்கும் முகத் தசைகள் இறுகி, முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரியாமல் போவதுண்டு. சரி, ஒரு பேச்சுக்கு, சாச்சிக்குள் உண்மையிலேயே எதுவும் இல்லாமல் போயிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் மனிதர்தான். மனிதருக்குப் பிறந்தவர், எங்கள் உம்மாவோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர். எந்தச் சோதனையிலும் தேறிக் காட்ட வேண்டிய கடன் அவருக்கு இல்லை.

இதற்கு நேர்மாறாக, உணர்ச்சியைக் காட்டத் தெரிந்த எதற்கும் நாம் சீக்கிரம் இளகிவிடுகிறோம். 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்பவர் எலைசா என்ற கணினி நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எளிய நிரல் அது. அது எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருந்தும், அதோடு பேசத் தொடங்கிய அவருடைய செயலாளர், தனியாகப் பேச வேண்டும், நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரையே அனுப்பிவிட்டாராம். இன்றைய உரையாடல் மென்பொருள்கள் மனிதர்கள் எழுதிக் குவித்தவற்றில் பயின்று, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிப்பவை. அவை துக்கத்தைச் சொன்னால் நம் துக்கம் போலத்தானே இருக்கும்?

2017 அக்டோபரில் முகபாவம் காட்டிப் பேசும் சோஃபியா என்ற ரோபோவுக்குச் சவூதி அரேபியா குடியுரிமை அறிவித்தது. உலகமெங்கும் அது செய்தியானது. மனநோயாளிகளை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று நம் நாட்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொன்னதும் அதே 2017-இல்தான். ஏர்வாடியில் 28 பேர் எரிந்து பதினாறு வருஷம் கழித்து! இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது.

இயந்திரத்துக்கு உணர்ச்சி வரவே வராது என்று நான் வாதாடவில்லை. ஒருநாள் அதற்கு உண்மையாகவே வலிக்கலாம். அப்போது அதை வதைப்பது பாவம். ஆனால் இரக்கம் காட்ட அதை மனிதராக்க வேண்டியதில்லையே. எங்கள் கடலில் ஆவுளியா இருக்கிறது. கடல்பசு என்று பாடப்புத்தகத்தில் இருப்பது அதுதான். ஒரு ஈற்றில் பெரும்பாலும் ஒரே குட்டி. அது ஒன்றரை வருஷம் வரைகூடப் பால் குடித்துக்கொண்டு தாயோடு சுற்றும். வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலை நஷ்டமானாலும் பரவாயில்லை என்று அறுத்துவிட்ட மீனவர்கள் இந்தக் கரையில் உண்டு. அதை மனிதர் என்று நினைத்தா விட்டார்கள்? நண்டுக்கும் தும்பிக்கும் நான்கறிவு என்று வகுத்த தொல்காப்பியர் அவற்றை உயிர்களின் வரிசையில்தான் வைத்தார். வலி அறிகிற இயந்திரம் ஒன்று வந்தால் அதற்கும் அந்த வரிசையில் ஓர் இடம் கொடுப்போம். அப்புறம், வலிக்கும் என்று தெரிந்தே அதைச் செய்து விற்ற நிறுவனத்திடம், ஏன் செய்தாய் என்று கணக்குக் கேட்போம். கட்டுரையில் இந்தக் கேள்வியே இல்லை. உண்டாக்கப்பட்டது மனிதரா என்று பக்கம் பக்கமாக விசாரிக்கிறார்கள். உண்டாக்கியவருடைய பொறுப்பைப் பற்றி ஒரு வரியும் காணோம்.

இதே பொருளில் இன்னும் கட்டுரைகள் வெளியிடுவதாக இருந்தால், மென்பொருள் வல்லுநர்களோடு மனநல மருத்துவர் ஒருவரையும் எழுதச் சொல்லுங்கள். பேச்சும் சிரிப்பும் நின்றுபோன ஒருவரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பங்களிடமும் கேளுங்கள். இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் அப்படிப்பட்ட குடும்பங்களைத் தேடி உங்கள் நிருபர் அதிகம் அலைய வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கீழக்கரை.