சைடு கொடுத்து ஓட்டு, பாப்பா

திண்டிவனம்,
மார்கழி, ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. தம்பி பரீட்சை முடித்துவிட்டான். மோட்டார் காயில் கட்டியாகிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ "ம்" கொட்டுவாய், நான் "சரி வை" என்பேன், பேச்சு முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நம்ம கண்டக்டர் மாமா போன வாரம் கோவளம் போன இடத்தில் உன் ஸ்கூட்டரைப் பார்த்தாராம். நம்பரை வைத்துத்தான் அடையாளம் சொன்னார். கூடவே இன்னொரு வண்டி, ஒட்டினாற்போல, ஜோடியாக வந்ததாம். சத்தத்தை வைத்து புல்லட் என்றார். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வண்டி ஜோடியாகப் போவதைப் பற்றி மட்டும்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஈசிஆர் மாதிரி நடுவில் மீடியன் உள்ள ரோட்டை விடு. நம்ம மரக்காணம் ரோடு மாதிரி இருவழி ரோட்டை எடுத்துக்கொள். தார் அகலம் 7 மீட்டர். போகிறவனுக்கு மூன்றரை, வருகிறவனுக்கு மூன்றரை. உன் ஸ்கூட்டர் ஹேண்டில்பார் அகலம் 70 சென்டிமீட்டர். இடது ஓரம் மணலும் ஜல்லியும் கிடக்கும் என்று அரை மீட்டர் விடுகிறாய். பக்கத்து வண்டிக்கும் உனக்கும் நடுவில் இன்னொரு அரை மீட்டர். அந்த வண்டி ஒரு முக்கால் மீட்டர். ஆக, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே கிட்டத்தட்ட இரண்டரை மீட்டரை அடைத்துவிடுகிறீர்கள். பின்னால் வருகிற பஸ் அகலம் இரண்டரை மீட்டர். உங்களுக்கு ஒரு மீட்டராவது தள்ளித்தான் டிரைவர் ஏற வேண்டும். கூட்டிப் பார், 6 மீட்டர் போய்விட்டது. எதிரே ஒரு ஆட்டோ வந்தால் அது எங்கே போகும்? நீங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் அதே பஸ் தாண்டிய பிறகும் இரண்டே கால் மீட்டர் மிஞ்சும். ஆட்டோக்காரன் பிழைப்பான்.

பஸ் 60-ல் வருகிறது, நீங்கள் 40-ல் போகிறீர்கள் என்றால் உங்களைத் தாண்ட ஏழு விநாடி ஆகும். அந்த ஏழு விநாடியில் பஸ் 120 மீட்டர் ஓடிவிடும். எதிரே 60-ல் வருகிறவனும் அதே 120 ஓடுவான். கால் கிலோமீட்டர் ரோடு காலியாக இருந்தால்தான் டிரைவர் ஏற முடியும். அதனால்தான் ஹாரன் அடிக்கிறார். திட்டுகிறார் என்று நினைத்துக்கொள்ளாதே. சைடு கேட்கிறார்.

சைடு கொடுப்பது எப்படி என்று தெரியாமல்தான் ஜோடியாகப் போகிறவர்கள் மாட்டுகிறார்கள். ஹாரன் கேட்டதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிரேக் பிடிப்பார்கள், அல்லது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முறுக்குவார்கள். எப்படிச் செய்தாலும் ஜோடி ஜோடியாகவேதான் இருக்கும். அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கண் போகிற பக்கம் வண்டி போகும். ஹேண்டிலோடு ஹேண்டில், கண்ணாடியோடு கண்ணாடி மாட்டும். பஸ் தொட்டிருக்கவே வேண்டாம், இவர்களே விழுவார்கள்.

கிளம்பும் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான். இடப்பக்கம் இருப்பவர் வேகத்தை மாற்றவே கூடாது, கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வலப்பக்கம் இருப்பவர் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை மட்டும் விட்டு, ஒரு வண்டி நீளம் பின்தங்கி, இடப்பக்கக்காரருக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். மூன்று நான்கு விநாடி வேலை. வலப்பக்கக்காரர்தான் கண்ணாடியைப் பார்த்தபடி இருக்க வேண்டும், ஏனென்றால் நகர வேண்டியது அவர். அன்றைக்கு வலப்பக்கம் நீ வந்தாயா, அந்த வண்டி வந்ததா என்று மாமா சொல்லவில்லை. வலப்பக்கம் வருகிற ஆள் நல்ல ஆளாக இருக்க வேண்டும். ஓட்டத் தெரிந்த ஆளாக, அதைத்தான் சொன்னேன்.

ஊரிலேயே நீதான் நிதானமாக ஓட்டுவாய் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் அதில் சந்தேகமில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கடன் இல்லாமல் வண்டி வாங்கிய பிள்ளை நம்ம தெருவில் வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் ஹெல்மெட்டின் வார் மாட்டாமல் தொங்கியதாம். அதையும் மாமா பார்த்திருக்கிறார். வார் மாட்டாத ஹெல்மெட் விழும்போது உனக்கு முன்னால் போய் ரோட்டில் உட்கார்ந்துகொள்ளும். தாடைக்கும் வாருக்கும் நடுவில் இரண்டு விரல் போனால் சரி. ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே 4151 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஆயிரம் ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸும் போகும்.

தம்பியிடம் கேட்டால் அவன் உன் கட்சி. வெளிநாட்டில் ஜோடியாகப் போகலாம் என்று சட்டமே இருக்கிறது என்று போனில் காட்டினான். வாங்கிப் படித்தேன். இங்கிலாந்தின் சாலை விதிப் புத்தகத்தில் 66-வது விதி, 2022 ஜனவரியில் திருத்தியது. இருவர் இருவராகப் போவது சில சமயம் பாதுகாப்பு என்றுதான் இருக்கிறது, குறிப்பாகக் கூட்டமாகப் போகும்போதும் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போதும். ஆனால் அது சைக்கிளுக்கு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பத்து சைக்கிள் வரிசையாகப் போனால் நீளம் அதிகம், இரண்டிரண்டாகப் போனால் பாதி நீளம், காரில் வருபவர் சீக்கிரம் தாண்டிவிடலாம். ஆனால் அதே விதியில் பின்னால் வருபவரைக் கவனித்து வழிவிடச் சொல்லியும் இருக்கிறது. அதைத் தம்பி படிக்கவில்லை. நீங்கள் இரண்டு பேர்தானே, பத்துப் பேர் இல்லையே.

இரண்டு வண்டி சேர்ந்து போக ஒழுங்கான முறை வேறு இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் போகாமல், கோணல் வரிசையில் போவது. முன்னால் போகிறவர் தன் லேனின் வலப்புறம், பின்னால் வருகிறவர் அதே லேனின் இடப்புறம். முன்னால் போகிறவர் பின்வண்டியைக் கண்ணாடியில் பார்க்கலாம், பள்ளம் வந்தால் ஒதுங்க முழு லேனும் இருக்கும். நடுவில் எவ்வளவு தூரம் என்பதற்கு டேப் வேண்டாம். முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணு. எண்ணி முடித்த பிறகு நீ கம்பத்துக்கு வர வேண்டும். மழை என்றால் நான்கு வரை எண்ணு. வளைவிலும் குறுகலான பாலத்திலும் கோணல் வரிசையும் வேண்டாம், நேர் பின்னால் வா.

யார் முன்னால் போவது? ஆம்பிளை வண்டி முன்னால், பொம்பளை வண்டி பின்னால் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். தப்பு. உன் ஸ்கூட்டரின் பின்சக்கரம் 10 அங்குலம். புல்லட்டின் முன்சக்கரம் 19. அது குலுங்காமல் ஏறிப்போகிற பள்ளத்தில் உன் சக்கரம் உள்ளே இறங்கிவிடும். புல்லட்காரருக்குப் பள்ளம் இருந்ததே தெரியாது, உனக்குச் சைகையும் காட்ட மாட்டார். ஸ்கூட்டர் முன்னால் போகட்டும். அப்படிப் போனால் வேகமும் ஸ்கூட்டரின் வேகமாக இருக்கும், முன்னால் போகிறவரை எட்டிப்பிடிக்க யாரும் முறுக்க வேண்டியிருக்காது. பின்னால் வருவதை அவமானமாக நினைக்கிற ஆளோடு தூரம் போகாதே.

இருட்டியபின் ஜோடியாகப் போகவே போகாதே. இரண்டு வண்டியின் சிவப்பு விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால், மேலே உட்கார்ந்திருக்கிற பஸ் டிரைவர் கண்ணுக்கு அது தூரத்தில் போகிற ஒரு கார். நீங்கள் கிட்டத்தில் இருப்பீர்கள், அவர் தூரம் என்று கணக்குப் போட்டிருப்பார். எதிரே வருகிறவனுக்கும் அப்படித்தான். ஒலக்கூரில் நடந்த விபத்துக்குப் பிறகு இதை உனக்கு விளக்க வேண்டியதில்லை.

பஸ் பக்கத்தில் போவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இடது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் நீ இருந்தால் அவருக்கு நீ இல்லை. சைடு மிரரில் அவர் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் உன் முகமும் அவருக்குத் தெரியாது. இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் வராது, உள்வாங்கித்தான் வரும். அந்த இடுக்கில் இரண்டு வண்டி ஜோடியாக நுழைந்தால் உள்பக்கம் இருப்பவர் நகர இடமே கிடையாது. லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் "போ, போ" என்று அர்த்தமா, வலது பக்கம் திரும்பப் போகிறானா என்று அவன் கிளீனருக்கே தெரியாது. வேகத்தைக் குறைத்துப் பின்னாலேயே போ. பெரிய வண்டி உன்னைத் தாண்டும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். பாலாற்றுப் பாலத்தில் இரண்டு மடங்கு. பிரேக் பிடிக்காதே, ஹேண்டிலை இறுக்காதே, வேகத்தை அப்படியே வைத்திரு.

பேச வேண்டும் என்றால் நிறுத்திப் பேசுங்கள். 40-ல் போகும்போது ஒரு விநாடிக்கு 11 மீட்டர். ஹெல்மெட்டும் காற்றும் சேர்ந்து ஒன்றும் கேட்காது, "என்ன?" என்று தலையைத் திருப்புவதற்குள் முப்பது மீட்டர் போயிருக்கும். ரோட்டோரம் டீக்கடைக்குப் பஞ்சமா? பேசுவதற்கு என்ன அவசரம். வீட்டிலும் வந்து பேசலாம். சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள், அது தப்பில்லை. பச்சை விழும் முன்னால் யார் முதலில் எடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். துப்பட்டாவை இடுப்போடு முடிந்துகொள். ஒத்தை வரிசையாகப் போ. சொன்னதையே சொல்கிறேன் என்று சிரிப்பாய், சிரி.

இத்தனையும் எனக்குத் தெரியும் பாப்பா. டிப்போவில் புதிதாக வருகிற பையன்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். தம்பிக்குப் பதினெட்டு ஆன மறுவாரமே கிரவுண்டுக்குக் கூட்டிப்போய் எட்டு போட வைத்தேன். நீ கேட்டபோது, "பஸ் ஓடுது, பாஸ் இருக்கு, உனக்கு எதுக்கு" என்றேன். மூன்று தடவை கேட்டாய். நான்காவது தடவை கேட்கவில்லை. ஒருநாள் லைசென்ஸை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாய். யார் கற்றுக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை. யாராக இருந்தாலும் கிளட்ச் இல்லாத வண்டியில் உனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மாமா சொன்னார், கோவளம் வளைவில் நீ இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, தலையையும் திருப்பிப் பார்த்துத்தான் லேன் மாறினாயாம். தலையைத் திருப்பிப் பார்ப்பது யாரும் சொல்லாமல் வராது.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா. போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் பெருங்களத்தூரில் நகரவே விடாது, அன்றைக்குக் கிளம்பாதே. போகியன்று விடியற்காலையும் வேண்டாம், பழையது கொளுத்துகிற புகையும் பனியும் சேர்ந்து பத்தடிக்கு மேல் தெரியாது. வெயில் ஏறி எட்டு மணிக்கு மேல் கிளம்பு. ஜிஎஸ்டி ரோட்டிலேயே வா. பரனூரிலும் ஆத்தூரிலும் டோல்கேட்டில் இடது ஓரத்து டூவீலர் வழியில் போ, நடுவில் நுழையாதே. மாமண்டூரில் ஒரு டீ. மேல்மருவத்தூரில் சிவப்புச் சேலைக் கூட்டம் ரோட்டைக் கடந்தபடியே இருக்கும், 30-க்கு மேல் வேண்டாம். கிளம்பும் முன்னால் டயர் ஆறியிருக்கும்போதே காற்றுப் பார்த்துவிடு, அளவு வண்டியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் இருக்கும். ஏதாவது ஆனால் 108, நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033. எழுதி வைத்துக்கொள்.

தனியாக வந்தாலும் சரி, எப்படி வந்தாலும் சரி, ஒன்றன்பின் ஒன்றாக வாருங்கள். அம்மாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

வாசலில் நின்ற என் பழைய டிவிஎஸ்ஸைக் கிணற்றடிக்குத் தள்ளிவிட்டேன். வேப்பமரத்துக்கும் திண்ணைக்கும் நடுவில் இரண்டு வண்டி தாராளமாக நிற்கும். உன் ஸ்கூட்டருக்கு ஒன்றும் வேண்டாம். புல்லட் கனம், சைடு ஸ்டாண்டு போட்டால் நம்ம வாசல் மண்ணில் அமுங்கிச் சாய்ந்துவிடும் என்று ஒரு கடப்பாக்கல் துண்டு வாங்கிப் பதித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா