மார்ட்டெல் கை வைக்காத டேக்குகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெட்ரோ அல்மொதோவாரின் 'லாஸ் அப்ராஸோஸ் ரோத்தோஸ்' (2009) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் காதலுக்கும் பொறாமைக்கும் நிறைய இடம் கிடைத்திருக்கிறது. எடிட்டிங் மேசைக்குத்தான் இடமில்லை. கதைக்குள் இயக்குநர் மத்தேயோ எடுக்கும் நகைச்சுவைப் படத்தைத் தயாரிப்பாளர் மார்ட்டெல் காட்சிகளை வெட்டிக் கெடுத்தார் என்று கட்டுரை சொல்வதும், 14 ஆண்டு கழித்து அந்தப் படம் மீள்வது வெறும் சினிமாத்தனம் என்பதும் தவறு.

மார்ட்டெல் காட்சிகளை நீக்கவில்லை. தன்னோடு வாழ்ந்த நடிகை லேனாவும் (பெனெலொப்பே க்ரூஸ்) மத்தேயோவும் லான்ஸரோத்தே தீவுக்கு ஓடிப்போன பிறகு, ஒவ்வொரு ஷாட்டையும் திரும்பத் திரும்ப எடுத்த டேக்குகளில் இருப்பதிலேயே மோசமானதைக் கோக்கச் சொல்லிப் படத்தை வெளியிடுகிறார். கதை அதே, வசனம் அதே. ஆனால் ஒரு டேக்கில் பதில் வசனம் அரை வினாடி, அதாவது 12 ஃப்ரேம், தாமதமாக வரும். நகைச்சுவைப் படத்தில் அது போதும், யாரும் சிரிக்க மாட்டார்கள். இன்னொரு டேக்கில் நடிகையின் கண், அவள் வந்து நிற்கவேண்டிய இடத்தின் குறியைத் தேடும். வேறொன்றில் சூப் கிண்ணத்தை மேசையில் வைக்கும் சத்தம் வசனத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடும். இப்படி நூறு ஷாட் சேர்ந்தால் பார்ப்பவர் எடிட்டிங்கையா குறை சொல்வார்? இந்தப் பெண்ணுக்கு நடிப்பு வரவில்லை என்றுதான் சொல்வார். அந்த ஆளுக்கு வேண்டியதும் அதுதான்.

இதில் மார்ட்டெலே யோசிக்காத ஒன்று இருக்கிறது. கதையில் அந்தப் படப்பிடிப்பு நடப்பது 1994இல், ஃபிலிம் காலம். 35 மி.மீ. நெகடிவில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம். ஆயிரம் அடிச் சுருள் சுமார் 11 நிமிடம் ஓடும். விளிம்பில் அடிக்கு ஒரு எண் இருக்கும். எடிட்டர் முடிவு செய்த பிரதியின் எண்களைப் பார்த்துத்தான் அசல் நெகடிவை வெட்டி ஒட்டுவார்கள். ஒட்டும் இடத்தில் ஒரு ஃப்ரேமாவது பாழாகும். ஒருமுறை வெட்டிய ஷாட்டை அப்புறம் நீட்டுவது கஷ்டம். ஆனால் கத்தரி பட்டது என்ஜி (சரியில்லை என்று ஒதுக்கிய) டேக்குகளில்தானே! நல்ல டேக்குகள் கிளாப் அடிப்பதிலிருந்து 'கட்' வரை முழுசாக டப்பாவில் கிடந்திருக்கும். பழிவாங்கக் கெட்டதைப் பொறுக்கியவர், நல்லதைக் கத்தரியிலிருந்து காப்பாற்றிவிட்டார். மிச்சத்தை மத்தேயோவின் தயாரிப்பு நிர்வாகி ஹூதித் ஒளித்து வைத்திருந்தாள். வெயிலும் ஈரமும் படாத இடமென்றால் நெகடிவுக்கு 14 ஆண்டு ஒரு வயதே இல்லை. ஒலி நாடா தொலைந்திருந்தால்தான் ஆபத்து. நெகடிவில் குரல் கிடையாது.

கார் விபத்தில் லேனாவை இழந்து, பார்வையும் போன மத்தேயோ எப்படி எடிட் செய்வார் என்றும் கட்டுரையாளர் கேட்கிறார். மேலே சொன்ன மூன்று குறைகளில் இரண்டு காதுக்கே பிடிபடும். கண் எங்கே போகிறது, ஃபோகஸ் நின்றதா என்பதைப் பக்கத்தில் இருப்பவர் சொன்னால் போதும்.

கட்டுரை விட்டுவிட்ட இன்னொரு காட்சியும் உண்டு. மார்ட்டெலின் மகன் வீடியோவில் தூரத்திலிருந்து எடுத்த காதலர்களின் பேச்சு கேட்காது. உதடு படிக்கும் பெண் ஒருத்தியைக் கூலிக்கு அமர்த்துகிறார் மார்ட்டெல். அந்தப் பெண்ணாக வரும் லோலா துவேஞாஸ் அந்த வசனங்களைக் காய்கறி விலைப்பட்டியல் வாசிப்பதுபோல் ஒரே சுருதியில் சொல்வார். அப்போது லேனா உள்ளே வந்து, திரையில் அசையும் தன் உதட்டுக்குத் தானே குரல் கொடுக்கிறாள். மார்ட்டெலை விட்டுப் போவதாகச் சொல்வதும் அப்படியே. படத்தின் உச்சம் என்னைப் பொறுத்தவரை இதுதான், விபத்து அல்ல.

இதுவரை பார்க்காத வாசகர்கள் டப்பிங் பிரதியைத் தவிர்த்து, சப்டைட்டிலோடு ஸ்பானிய ஒலியில் பார்க்கட்டும். டப்பிங்கில் லேனாவின் குரலும் வேறொருவர் கொடுத்ததாகிவிடும். அந்தக் காட்சியில் மிச்சம் ஒன்றும் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு படத்தொகுப்பாளர்,
சென்னை