ஸ்டூடியோ அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்காது, என் மகளை இருக்கலாம். யூ.கே.ஜி. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தோம். "சிரி பாப்பா, பல்லு தெரியணும்" என்றீர்கள். பொம்மையை ஆட்டினீர்கள், பூனை மாதிரி கத்தினீர்கள். அவள் முகம் அசையவில்லை. "சரியான உம்மணாமூஞ்சி" என்று சொல்லிக்கொண்டே எடுத்தீர்கள். உங்கள் மேல் கோபமில்லை அண்ணே. சொல்ல வேண்டியதை நான்தான் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அவள் அப்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். தோள் குலுங்கியது, முகத்தில்தான் வரவில்லை. அதற்குப் பெயர் மோபியஸ் சிண்ட்ரோம். 1888-இல் இதைப் பற்றி எழுதிய ஜெர்மன் நரம்பு மருத்துவர் பால் மோபியஸின் பெயர். முகத்தை அசைக்கும் ஏழாவது மூளை நரம்பும், கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும் ஆறாவது நரம்பும் பிறவியிலேயே வேலை செய்யாது. உதடு இரண்டும் ஒட்டாது என்பதால் 'ப'வும் 'ம'வும் வராது. அம்மா, அப்பா இரண்டுமே போச்சு. ரொம்ப நாள் நான் அவளுக்கு "அன்னா"தான். பிறகு பேச்சுப் பயிற்சியில், மேல் பல்லால் கீழ் உதட்டைத் தொட்டு 'ம' மாதிரி ஒன்றைச் சொல்லப் பழகினாள்.

அடுத்த வருஷம் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தோம். சிரிக்கக் கூடாது, கண் சிமிட்டக் கூடாது என்றீர்கள். ஒரே கிளிக்! "இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததே இல்லை" என்று பாராட்டினீர்களே, வீடு போய்ச் சேரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஏழு வயதில், முகத்தில் சிரிப்பு வருவதற்காக ஆபரேஷன் செய்தோம். உள் தொடையில் கிராசிலிஸ் என்று ஒல்லியாக ஒரு தசை இருக்கிறது. அதன் வேலையைப் பக்கத்துத் தசைகள் பார்த்துக்கொள்ளும் என்பதால் நடைக்குக் குறை வராது. அதில் ஒரு துண்டை ரத்தக் குழாயோடும் நரம்போடும் எடுத்துக் கன்னத்தில் வைக்கிறார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் குழாய்களை இணைக்கிறார்கள். ஜப்பானில் ஹரீ என்ற மருத்துவரும் அவர் குழுவும் 1976-இல் இதைச் செய்து எழுதினார்கள். ஒரு பக்கம் மட்டும் செயலிழந்தவர்களுக்கு நல்ல பக்கத்து நரம்பிலிருந்து இணைப்புக் கொடுக்க முடியும். இவளுக்கு இரண்டு பக்கமும் இல்லையே. அதனால் மெல்லுவதற்கு இருக்கும் நரம்பில் ஒரு கிளையை எடுத்துக் கொடுத்தார்கள்.

நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளருமாம். மூன்று மாதம் கன்னத்தில் வீக்கத்தைத் தவிர ஒன்றுமில்லை. தெரியாமல் செய்துவிட்டோமோ என்றுகூட இருந்தது. ஒரு சாயங்காலம் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள். இடது வாயோரம் மேலே ஏறி இறங்கியது. இன்னொரு முறுக்கு கொடுத்தேன். மறுபடி ஏறியது. அன்று எத்தனை தின்றாள் என்று கணக்கே இல்லை.

அப்புறம் தினமும் கண்ணாடி முன்னால் பல்லைக் கடித்துப் பயிற்சி. சில மாதம் கழித்து வலது பக்கமும் செய்தார்கள். அதுவரை பாதிச் சிரிப்புதான், அதையே பெருமையாக எல்லோரிடமும் காட்டினாள். இப்போது பல் கடிக்காமலும் வருகிறது, எப்போதும் இல்லை. புருவம் ஏறாது, இமை மூடாது. ஆபரேஷன் அதற்கெல்லாம் இல்லை. இரவில் கண்ணுக்குக் களிம்பு போட்டுத்தான் தூங்குகிறாள்.

"இப்போதான் முகத்துக்குக் களை வந்திருக்கு" என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது எனக்குச் சுருக்கென்றிருக்கும். முன்பும் இதே பிள்ளைதானே.

அடுத்த வாரம் ஆறாம் வகுப்பு குரூப் போட்டோ எடுக்க நீங்கள்தான் வருகிறீர்களாம். அவளைச் சிரிக்கச் சொல்லாதீர்கள், தோன்றினால் அவளே சிரிப்பாள். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம் அண்ணே, அவளால் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. மர நிழலில் நிற்க வைத்து எடுங்கள்.

இப்படிக்கு,
உம்மணாமூஞ்சியின் அம்மா