எட்டுப் போடத் தெரிந்தால் ஏ9இல் ஓடத் தெரியுமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஓடுகிற ஏ9 நெடுஞ்சாலையில் உள்ள கனகராயன்குளத்தில் இருந்து எழுதுகிறேன். வன்னியில் இருந்து நெல்லும், திரும்பி வரும்போது தம்புள்ளையில் இருந்து மரக்கறியும் ஏற்றி வரும் லொறிச் சாரதி நான். விபத்து நடந்த மறுநாள் பத்திரிகைகளில் எப்போதும் ஒரே மாதிரித்தான் செய்தி வருகிறது, வேகக் கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள் என்று தொடங்கி, இளைஞர் பலி என்று முடியும். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் அந்தப் பிள்ளையின் மேல் வருவதில்லை. கட்டுப்பாட்டை இழந்தான் என்று எழுதுகிறோம், சரி, கட்டுப்பாடு என்றால் என்னவென்று அவனுக்கு முதலில் யார் சொல்லிக் கொடுத்தது?

எங்கள் பக்கத்தில் லைசென்ஸ் எடுக்கும் முறை எல்லோருக்கும் தெரியும். லேர்னர்ஸ் என்கிற சாரதிப் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுவது, மெடிக்கல் எடுப்பது, எழுத்துப் பரீட்சைக்குப் பழைய வினாத்தாள்களின் விடைகளைப் பாடமாக்குவது, பிறகு ஒரு வெறுங்காணிக்குள் எட்டுப் போட்டுப் பழகி ட்ரயலுக்கு, அதாவது ஓடிக் காட்டுகிற பரீட்சைக்குப் போவது. என் தங்கையின் மகன் போன இடத்தில் "தம்பி, ட்ரயலுக்குத் தேவையானது மட்டும் பழகினால் காணும், மிச்சம் ரோட்டில தானாய் வரும்" என்று நேராகவே சொல்லியிருக்கிறார்கள். அது தானாய் வராது ஐயா. காணிக்குள் மெதுவாக எட்டுப் போட்டவன் அடுத்த வாரம் லீசிங்கில் எடுத்த புது வண்டியோடு ஏ9க்கு ஏறுகிறான், எதிரே கொழும்பு பஸ், பின்னால் சொகுசு வான், பக்கத்தில் நான்.

பிரேக்கில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இதைத்தான் நான் தினமும் காண்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் முன் பிரேக்கைத் தொடுவதே இல்லை. "முன் பிரேக் பிடிச்சால் குப்புற விழுவாய்" என்று சைக்கிள் பழகிய வயதில் யாரோ சொன்னது அப்படியே மண்டையில் நிற்கிறது. மோட்டார் சைக்கிளை நிறுத்துகிற பலத்தில் பெரும்பங்கு முன் சில்லில்தான் இருக்கிறது, பிரேக் பிடிக்கும்போது பாரத்தில் பெரும்பகுதி முன்னுக்கு வருவதால். பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் பின் சில்லு இறுகி இழுபட்டுப் போகும், வண்டி நிற்காது. இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்க வேண்டும், மணலிலும் கிரவலிலும் கவனம் வேண்டும். ஒரு பின்னேரம் காணும் இதைப் பழக்க. எந்த லேர்னர்ஸில் அந்த ஒரு பின்னேரம் கிடைக்கிறது?

தூரத்தைப் பற்றியும் ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. 70 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவன் ஒவ்வொரு செக்கனுக்கும் 19 மீற்றருக்கு மேல் போய்விடுகிறான். கண் கண்டு, மூளை விளங்கி, கை பிரேக்குக்குப் போவதற்கே ஒரு செக்கனுக்கு மேல் போய்விடும், அதன் பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்கும். காய்ந்த நல்ல வீதியில்கூட எல்லாம் சேர்த்து 50 மீற்றருக்கு மேல் வேண்டும். 100இல் போனால் கிட்டத்தட்ட 100 மீற்றர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும், இது ஓ.எல். (சாதாரண தர) விஞ்ஞானப் பாடத்தில் படிக்கிற கணக்குத்தான், ஆனால் அந்தக் கணக்குக்கும் தன் வண்டிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது.

இப்போது இதை எங்கள் வீதியில் வைத்துப் பாருங்கள். புளியங்குளம் தாண்டினால் இரண்டு பக்கமும் காடு, வீதி நேர்கோடு, விளக்குகள் இல்லை. வயல் விதைத்த காலத்தில் மேய்ச்சல் தரை இல்லாமல் மாடுகள் வீதிக்குத்தான் வரும், மழை பெய்தால் காய்ந்த இடம் தேடித் தாரில் வந்து படுக்கும். கறுப்புத் தாரில் கறுத்த மாடு. மோட்டார் சைக்கிளின் பதித்த (கீழே இறக்கிய) வெளிச்சத்தில் அது தெரிகிற நேரத்தில் 70இல் வருகிறவனுக்கு நிற்க இடம் மிச்சமில்லை. எதிரே வருகிறவன் லைட்டைப் பதிக்காமல் வந்தால் இன்னும் மோசம், கண் கூசி மறுபடி தெளிகிற வரைக்கும் அவன் குருடனாகத்தான் ஓடுகிறான். அந்த நேரத்தில் எதிர் வெளிச்சத்தைப் பார்க்காமல் வீதியின் இடப்பக்கக் கரைக் கோட்டைப் பார்த்து, வேகத்தைக் குறைத்து ஓட வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தது ஒரு மூத்த லொறிக்காரர். அந்த மாதிரி ஆள் வாய்க்காத பிள்ளைக்கு யார் சொல்லுவார்?

அறுவடைக் காலம் வந்தால் உழவு இயந்திரப் பெட்டிகள். பின் லைட் கிடையாது, ஒளி தெறிக்கும் ஸ்ரிக்கர்கூட இல்லை, பெட்டி நிறைய நெல் மூட்டை, மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றர் வேகம்கூட இல்லாமல் இருட்டில் போய்க்கொண்டிருக்கும். ஓட்டுகிறவர் நல்ல கமக்காரர்தான், ஆனால் தான் வீதியில் போகிற ஒரு வாகனத்தின் சாரதி என்று அவர் தன்னை நினைப்பதில்லை, அந்தப் படிப்பு அவருக்கும் வேண்டும். வீதிக்கரையில் நெல் காயப் போடுகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும், நெல்மணியில் ஏறிய சில்லும் மணலில் ஏறியதைப் போல வழுக்கும்.

லொறிக்காரனாக ஒன்று சொல்லிவிடுகிறேன். என் இடது பக்கத்தில், கதவுக்குக் கீழேயும் கொஞ்சம் பின்னாலேயும் வருகிறவனை எனக்குக் கண்ணாடியில் தெரியாது. இடப்பக்கம் திரும்பச் சிக்னல் போட்ட பிறகும் அதற்குள்ளால் நுழைகிறார்கள், டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள், பின்னால் இன்னொரு பிள்ளை, ஹெல்மெட் முழங்கையில். என் கண்ணாடியில் என் முகத்தை நீ பார்க்க முடியாவிட்டால் நானும் உன்னைப் பார்க்கவில்லை என்ற ஒரு வரியை, பிள்ளைகளை ஒரு நின்ற லொறிக்குள் ஏற்றி இருத்திக் காட்டினால் அவர்கள் சாகும்வரை மறக்கமாட்டார்கள். பாடசாலைக்கு லொறியைக் கொண்டுவந்து நிறுத்த நான் தயார், எரிபொருள் காசுகூட வேண்டாம்.

எங்கள் சனத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வன்னிக்கு வாகனம் வந்த விதம் வேறு. போர்க்காலத்தில் பெற்றோல் இல்லை, சைக்கிளும் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளும்தான். 2002இல் ஏ9 திறந்தது, 2006இல் மறுபடி மூடியது, 2009க்குப் பிறகுதான் எல்லாம் மாறியது. அதுவரை குண்டும் குழியுமாய் இருந்த வீதியே எல்லோரையும் மெதுவாக ஓட வைத்தது. பிறகு சில வருடங்களுக்குள் காபெற் வீதி, லீசிங், புது வண்டிகள், 2013இல் கிளிநொச்சிக்கு ரயில், அடுத்த வருடம் யாழ்ப்பாணத்துக்கும். ஏ9க்குப் பக்கத்தால் ஓடுகிற அந்த ரயில் பாதையை எத்தனையோ உள்வீதிகள் காவலாளி இல்லாமல் கடக்கின்றன. அப்பாவுக்கே தெரியாததை மகனுக்கு வீட்டில் எப்படிப் பழக்குவது? மற்ற ஊர்களில் இரண்டு மூன்று தலைமுறை எடுத்துப் பழகியதை எங்கள் பிள்ளைகள் வந்த அன்றே தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

கனடாவில் இருக்கிற உறவுகளிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்ராறியோவில் 1994இல் இருந்து படிப்படியாகத்தான் கார் லைசென்ஸ் கொடுக்கிறார்கள். முதல் படியில் குறைந்தது 12 மாதம், அங்கீகரித்த பயிற்சி எடுத்தால் 8 மாதம், பக்கத்தில் அனுபவமுள்ள சாரதி ஒருவர் இருக்க வேண்டும், நள்ளிரவில் இருந்து காலை 5 மணிவரை ஓட முடியாது, ஒரு சொட்டு மதுவும் கூடாது. அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலத்தில் 21 வயதுக்குக் குறைந்தவர் கார் ட்ரயலுக்குப் போகமுதல் 120 மணித்தியாலம் ஒருவரின் மேற்பார்வையில் ஓடியிருக்க வேண்டும். எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகளே அங்கே அப்படிப் பழகித்தான் ஓடுகிறார்கள், லீவில் இங்கே வந்தால் எங்கள் பிள்ளைகளின் பின்னால் ஏறப் பயப்படுகிறார்கள்.

பொலிஸார் மறிப்பதும் தண்டப்பணம் எழுதுவதும் தேவைதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் பொலிஸார் நிற்கிற இடம் எது என்று முன்னால் வருகிறவன் லைட் அடித்துக் காட்டிவிடுகிறான், அந்த 200 மீற்றருக்கு மட்டும் எல்லோரும் நல்ல சாரதிகள். இலங்கை முழுக்க வருடத்துக்கு 2000 பேருக்கு மேல் வீதியில் சாகிறார்கள், அதில் பெரிய பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஒரு சின்னக் கிராமத்தையே வருடாவருடம் புதைக்கிற கணக்கு இது.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் லேர்னர்ஸ்காரரிடம் எத்தனை பேரைப் பாஸ் பண்ண வைத்தாய் என்று பார்ப்பதோடு நிற்காமல், இரவில் எத்தனை மணித்தியாலம் ஓடப் பழக்கினாய், அவசர பிரேக் பழக்கினாயா என்றும் பதிவு கேட்க வேண்டும். வலயக் கல்விப் பணிமனைகள் ஓ.எல். எழுதி முடித்து ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்கிற பிள்ளைகளைப் பிடிக்கலாம், 18 வயதாகாமலே அப்பாவின் வண்டியை எடுக்கத் தொடங்குகிற காலம் அதுதான். ஏ9 கரையில் உள்ள முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துக் கும்பிடாமல் போகிற சாரதி குறைவு, கும்பிட்டு வந்து கச்சான் வாங்குகிற அந்தப் பத்து நிமிடத்தில் ரயரையும் பின் லைட்டையும் பார்த்துச் சொல்ல இரண்டு பேரை அங்கே நிறுத்துவது பிரதேச சபைக்குப் பெரிய செலவா?

உங்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது ஐயா. வாரத்தில் ஒரு நாள், விபத்துச் செய்தி வருகிற அதே பக்கத்தில், வீதியைப் பற்றி ஒரு கேள்வியும் அதற்கு விளக்கமான பதிலும் போட இடம் தருவீர்களா? கேள்விகளை எழுதித் தர எங்களுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள், லொறிக்காரர், பஸ்காரர், ஓட்டோக்காரர் எல்லோரிடமும் கேட்டுச் சேர்த்து மாதக் கடைசியில் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
லொறிச் சாரதி ஒருவர்,
கனகராயன்குளம்.