கவுண்டம்பாளையம் 'ஜி'யிலா, 'கே'யிலா? படிவம் எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவையிலும் ஈரோட்டிலும் இணையப் படிவங்களை உருவாக்கும் தம்பி தங்கைகளுக்கு,

கொடுமுடியில் சின்னதாய் ஒரு கணினி மையம் வைத்திருக்கிறேன். விண்ணப்பம் நிரப்பித் தருவதுதான் பிழைப்பு. சென்ற வாரம் பெரியம்மா ஒருவர் வந்தார். படிவத்தில் அவருடைய ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலைத் திறந்தால் நூற்றுக்கணக்கான ஊர்கள், அத்தனையும் ஆங்கிலத்தில். நம் பக்கத்து ஊர்ப் பெயர்கள் உங்களுக்குத் தெரியாதவையா? பாளையம், வலசு, புதூர் என்று வரிசை கட்டி நிற்கும். "எங்கள் ஊர் இதில் இல்லையா கண்ணு?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். ஒருவழியாகக் கண்டுபிடித்துச் சொடுக்கினேன். பிறகு பக்கத்தைக் கீழே நகர்த்தக் கீழ் அம்புக்குறியை அழுத்தினேன். பக்கம் நகரவில்லை, ஊர்தான் பட்டியலில் அடுத்ததாக மாறியது. கவனிக்காமல் அனுப்பியும்விட்டேன். தவறு என்னுடையதுதான், ஆனாலும் அதில் பாதியை அந்தச் செலக்ட் பெட்டியின் (சொடுக்கினால் விரியும் பட்டியலின்) கணக்கில் எழுதுவேன்.

செலக்ட் பெட்டியில் தட்டச்சு செய்தால் முதலெழுத்துகளை வைத்துத்தான் தாவும். கவுண்டம்பாளையத்தை 'ஜி'யில் தேடுவதா, 'கே'யில் தேடுவதா? 2020-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசு ஆணையிட்டு, எதிர்ப்பு வந்ததும் அதைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். கோயம்புத்தூரின் எழுத்துக்கூட்டலுக்கே சண்டை தீராதபோது பாளையங்களின் கதி என்ன?

ஆகவே நான் கேட்பது தேடும் வசதியுள்ள பட்டியல். பெயரின் நடுவில் வரும் எழுத்துகளைத் தட்டினாலும் ஊர் வந்து நிற்க வேண்டும். ஓர் ஊருக்கு வழக்கத்தில் இருக்கும் எல்லா எழுத்துக்கூட்டலும், தமிழ்ப் பெயரும், தேடலுக்காகப் பட்டியலின் பின்னணியில் இருக்கட்டும்.

தமிழில் தேடும்போது ஒரு சூட்சுமம் உண்டு. (மகள் கல்லூரியில் நிரல் படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நானும் கொஞ்சம் கற்றேன்.) 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையில்) ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு. எங்கள் கொடுமுடியே இதில் மாட்டிக்கொள்ளும். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கென்றே நார்மலைஸ் இருக்கிறது.

பக்கம் எழுதும் எச்டிஎம்எல்லிலேயே, தட்டத் தட்டப் பரிந்துரை காட்டும் டேட்டாலிஸ்ட் இருக்கிறதே என்பீர்கள். எழுதுவது எளிதுதான். ஆனால் பட்டியலில் இல்லாததையும் அது ஏற்றுக்கொள்ளும். ஊரின் குறியீட்டு எண்ணைத் தனியே அனுப்பாது, பெட்டிக்குள் இருக்கும் சொல்லைத்தான் அனுப்பும். அனுப்பியதைச் சர்வரில் மறுபடி சரிபார்க்காவிட்டால் இல்லாத ஊர்களெல்லாம் முளைக்கும். டாம் செலக்ட், செலக்ட்2 போன்ற ஆயத்த தேடல் பட்டியல் நிரல்களை எடுத்தால், மவுஸைத் தொடாமல் விசைப்பலகையாலேயே நிரப்பிப் பாருங்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கு எத்தனை ஊர்கள் கிடைத்தன, எதில் நிற்கிறோம் என்பது காதில் விழ வேண்டும்.

அதற்காக ஆண், பெண் கேட்கும் இடத்திலும் தேடல் பெட்டி வைத்துவிடாதீர்கள். 38 மாவட்டங்கள் வரை சாதாரணப் பட்டியலே எனக்குப் போதும்.

திருத்த விண்ணப்பத்துக்காகப் பெரியம்மா திங்கட்கிழமை மறுபடி வருகிறார். பஸ் செலவை நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கொடுமுடி கணினி மையக்காரன்